கவரின் நடுவில் இருந்த ஓட்டை

மக்களே,

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நீ தோகாவிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி நான் போனை வைத்துவிடுகிறேன். ஒரு வாரம் சளி என்றேன். அடுத்த வாரம் மின்வெட்டு, பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்றேன். மின்வெட்டு இருந்தது உண்மைதான், ஆனால் அதற்கும் போனுக்கும் சம்பந்தமில்லை என்று உனக்கும் தெரியும். போன வாரம் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்றேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. நீ கேட்டது சின்னக் கேள்வி. இரும்புப் பெட்டியில் கிடக்கும் பழைய தபால் கவர்களை எப்போது விற்பனைக்குப் போடுவது என்று கேட்டாய். அதற்கு நான் போனில் பதில் சொல்லத் தொடங்கினால் பாதியில் என் குரல் உடையும், உடனே நீ "விடுங்கம்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். விடக்கூடாது என்பதற்காகத்தான் பேனாவை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு நீ சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது. "எல்லாத்தையும் ஒண்ணா போட்டா சீப்பா போயிரும்மா. மாசத்துக்கு ஒண்ணு வச்சுப் போடுவோம். ஒவ்வொண்ணுக்கும், நீங்க மொதல்ல எழுதினியள்லா, இது ஒண்ணுதான் இருக்குண்ணு, அது மாதிரியே எழுதுங்க. ஆரு எண்ணப் போறா?" முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த என்னிடம் யார் எண்ணப் போகிறார்கள் என்று கேட்கிறாயே என்று முதலில் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் கிணற்றடிக்குப் போய்த் திரும்புவதற்குள் இறங்கிவிட்டது. நீ யாரிடம் படித்துவிட்டு இதைச் சொல்கிறாய்? என்னிடம்தான். நான் எழுதிய வரியைத்தான் நீ நகல் எடுக்கச் சொன்னாய்.

அப்பா போனதற்கு அடுத்த வருடம், 2009 என்று நினைக்கிறேன், நீ லீவில் வந்தபோது மார்த்தாண்டத்திலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாய். அம்மா வீட்டில் தனியாக இருக்கிறாள், ஏதாவது ஒரு வேலை இருக்கட்டும் என்றுதான் அதைச் செய்தாய். உன் பெயரில் அந்த ஏலத் தளத்தில் ஒரு கணக்குத் திறந்து, படம் எடுப்பது எப்படி, விவரம் எழுதுவது எப்படி என்று நாலு நாள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். வீட்டில் தேவையில்லாமல் கிடக்கும் பழைய சாமான்களை விற்கலாம், பொழுதும் போகும் என்றாய். நீ விமானம் ஏறிய பிறகு நான் ஒழுங்காகத்தான் செய்தேன். அப்பாவின் பழைய ரேடியோவுக்கு, "பாடாது, ஒரு திருகு இல்லை" என்று எழுதினேன். திருவிதாங்கூர் காலத்துச் செம்புக் காசு நாலைந்து இருந்தன. "இவை சாதாரணமாகக் கிடைப்பவை, எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இருக்கும்" என்று எழுதினேன். அது உண்மை. உண்மையை எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நாட்களில் வீடு எப்படி இருந்தது என்று நான் உனக்குச் சொன்னதில்லை. காலையில் பால்காரர் வருவார், பேசமாட்டார், மணி அடித்துவிட்டுப் போவார். பத்து மணிக்கு மீன்காரி மரியதங்கம் வருவாள். அவள் போய்விட்டால் மறுநாள் காலை வரை என் குரலை நானே கேட்கமாட்டேன். சில நாள் சாயங்காலம் நானே சத்தமாக ஏதாவது சொல்லிப் பார்ப்பேன், பதினேழாம் வாய்ப்பாடு மாதிரி, தொண்டை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. கம்ப்யூட்டரில் செய்தி வந்தால் ஒரு மணிச் சத்தம் வரும்படி நீ வைத்துவிட்டுப் போயிருந்தாய் அல்லவா? அந்தச் சத்தத்துக்காக அடுக்களைக் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். அது வரவே இல்லை.

அப்போதுதான் பெட்டியில் அந்தக் கம்பியைப் பார்த்தேன். உனக்கு நினைவிருக்கும். உன் அப்பாவின் அப்பா குழித்துறைச் சந்தையில் நல்லமிளகு வியாபாரம் செய்தவர். நம் ஊர் திருவிதாங்கூரோடு இருந்த காலம் அது. மகாராஜாவின் தபாலுக்கு அஞ்சல் என்று பெயர். கீரிப்பாறைப் பக்கத்து மலையிலிருந்து சரக்கு அனுப்பிய ஒருவர் அவருக்கு வாரம் தவறாமல் எழுதியிருக்கிறார். எல்லாம் சங்குப் படம் அச்சிட்ட கவர், எல்லாவற்றிலும் அதே சின்ன அஞ்சலாபீசின் முத்திரை. கடைக்காரர்கள் வந்த கடிதத்தைக் கீழே வைக்கமாட்டார்கள். முனையில் கொக்கியும் அடியில் வட்டக் கட்டையும் உள்ள கம்பி ஒன்று கல்லாவுக்கு மேலே தொங்கும். படித்ததும் நடுவில் குத்திக் கோத்துவிடுவார்கள். நம் கம்பியில் நாற்பத்திரண்டு கவர்கள் இருந்தன. எண்ணினேன். நான் எண்ணாமல் இருப்பேனா? மேலே இருந்த ஒன்றை மட்டும் உருவி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்தேன். முதலில், "இதுபோல் வேறும் உண்டு" என்றுதான் தட்டினேன். பிறகு ரேடியோவும் செம்புக் காசும் நினைவுக்கு வந்தன. அந்த வரியை அழித்துவிட்டு, "இந்த முத்திரையுடன் எனக்குத் தெரிந்து இருப்பது இது ஒன்றே" என்று எழுதினேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் பதினோரு பேர் எழுதினார்கள். ஒருவர் லண்டனிலிருந்து, ஒருவர் கொல்கத்தாவிலிருந்து. எங்கே கிடைத்தது, வீட்டார் என்ன தொழில் செய்தவர்கள், உள்ளே கடிதம் இருக்கிறதா என்று கேள்வி மேல் கேள்வி. மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் மாவோடு ஓடி வந்தேன். எனக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை, மக்களே. பென்ஷனே மிஞ்சுகிறது. யாராவது என்னிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. காசுக்காகப் பொய் சொல்லியிருந்தால் என்னை நானே எளிதாக ஏசியிருப்பேன், எனக்கு அந்த வசதியும் இல்லாமல் போயிற்று என்பதற்காகச் சொல்கிறேன்.

பதினோரு பேரில் ஒருவர் ஸ்ரீதரன் சார். நெய்யாற்றின்கரைக்காரர், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அஞ்சல் கவர்களையே நாற்பது வருடமாகச் சேர்ப்பவர். அவர் மட்டும்தான் கவரின் நடுவில் இருந்த ஓட்டையைப் பற்றிக் கேட்டார். யோசித்துப் பார். கம்பியில் கோத்த காகிதம் ஒருநாளும் ஒற்றைக் காகிதமாக இருக்காது. அந்த ஓட்டைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான், இதற்கு மேலேயும் கீழேயும் வேறு காகிதங்கள் இருந்தன என்பது. ஒன்று என்று சொன்ன பிறகு கம்பியைச் சொல்ல முடியவில்லை. "பூச்சி அரித்தது" என்று எழுதினேன். முதல் பொய்யை எழுதும்போது விரல் தயங்கியது. இரண்டாவதற்கு அதுவும் இல்லை.

நீ அஞ்சாம் வகுப்பில் தீப்பெட்டிப் படம் சேர்த்தாயே, மறந்திருக்கமாட்டாய். மான் படம் போட்ட ஒன்றைக் காட்டி, "உலகத்துலயே இது ஒண்ணுதாம்லே" என்று உன்னோடு படித்த ஜெபராஜிடம் சொல்லி, அவனிடமிருந்து இருபது படம் வாங்கி வந்தாய். உன் பைக்குள் அதே மான் இன்னும் ஒன்பது இருந்தது. மழையில் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய், அவன் அம்மா முன்னால் ஒன்பது மானையும் தரையில் பரப்ப வைத்தேன். திரும்பி வரும்போது ஏங்கி ஏங்கி அழுதுகொண்டே கேட்டாய், "அவன் எத்தனை இருக்குண்ணு கேக்கவே இல்லியேம்மா?" கேட்காததற்கும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும் என்றேன். சரியான பதில்தான். ஆனால் பத்து வயசுப் பிள்ளையை மழையில் இழுத்துப் போயிருக்க வேண்டாம். மழை விட்ட பிறகு போயிருக்கலாம். அன்றைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை, இப்போது சொல்கிறேன், அது என் தவறு.

ஸ்ரீதரன் சார்தான் கடைசியில் அந்தக் கவரை ஏலத்தில் எடுத்தார். அது கையில் கிடைத்ததும் போன் செய்தார். அதிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் போன் வரும். கவர், முத்திரை, அஞ்சல் ஓடிய வழி, இவைதான் பேச்சு. நடுவில் அவர் வீட்டம்மா எதற்காவது கூப்பிடுவதும், பேத்தி சிணுங்குவதும் கேட்கும். அவர் வீடு நிறைய ஆட்கள். அவருக்கு நான் ஒரு நல்ல கவரைத் தந்த டீச்சர். எனக்கு அவர் அந்த வாரத்தின் புதன்கிழமை. நாலு மணிக்கு முன்னால் தலை சீவிக்கொள்வேன் என்றால் நீ சிரிப்பாய். போனில் யார் பார்க்கப் போகிறார்கள்?

போன வருடம் சித்திரையில் அவர் நேரில் வந்தார். களியக்காவிளையில் பஸ் மாறி, வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். நாற்காலியைப் போட்டேன். "கசேரி வேண்டா டீச்சரே, இவிட நல்ல காற்று உண்டு" என்று சொல்லிக்கொண்டே ஜன்னலோரம் இருந்த இரும்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் வருவதற்கு முன்னால் பெட்டியின் மேல் நான் பூப்போட்ட விரிப்பை விரித்து வைத்திருந்தேன். சாயா குடித்துக்கொண்டே பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தார். "பழைய பெட்டியாணல்லோ. இதில எந்தா டீச்சரே?"

"பழைய சேலை சாரே" என்றேன்.

"சேலைக்கு இத்ர வலிய பூட்டோ!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நாற்பத்தொன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு அந்த ஒன்றைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, உன் தாத்தாவின் கடை இருந்த இடத்தையும் பார்த்துவிட்டுப் போனார். போகும்போது தளத்தில் உன் பெயருக்குக் கீழே ஒரு பாராட்டு எழுதப்போவதாகச் சொன்னார். எழுதினார். "நம்பிக்கையான விற்பனையாளர், சொன்னது சொன்னபடி" என்று. நீ தோகாவிலிருந்து சந்தோஷமாக அதை எனக்குப் படித்துக் காட்டினாய்.

மரியதங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்கும் எனக்கும் பத்து வருட வழக்கு இது. தலையிலிருந்து மீன் சருவத்தை இறக்கி வைத்து, இலைக்கு மேல் ஒரே ஒரு மீனைக் காட்டுவாள். "கடல்ல ஒண்ணுமில்ல டீச்சரே. விளமீனு இது ஒண்ணுதான் கிட்டிச்சு. உங்களுக்குண்ணு ஆருக்கும் காட்டாம கொண்டுவந்தேன்." நான், "ஏட்டி, அந்த எலையைத் தூக்கு பாப்பம்" என்பேன். தூக்கினால் அடியில் நாலு கிடக்கும். "இது டாக்டரம்மாவுக்க வீட்டுக்கு" என்று கூசாமல் சிரிப்பாள். நீ போனில் மாசத்துக்கு ஒன்று என்று சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், பெட்டியைத் திறந்து கம்பியை வெளியே வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"இது என்ன டீச்சரே, அண்ணு அந்த மலையாளத்து சாரு இதுல ஒண்ணுக்குத்தானா பஸ் ஏறி வந்தாரு?"

"ஆமா."

"அவரு இத்தனையும் கண்டாரா?"

நான் கம்பியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். "அப்போ டீச்சரும் எலைக்க அடியிலதான் வச்சிருக்கிய!" சிரித்து முடித்துச் சருவத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். "எனக்க எலைக்க அடியில இருக்கது நாறும் டீச்சரே. மூக்குள்ளவன் அறிவான். உங்களுக்க பெட்டி நாறாதுல்லா."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் நான் வகுப்பில் எத்தனையோ உதாரணங்கள் சொல்லியிருக்கிறேன், இதைப்போல் ஒன்று எனக்குத் தோன்றியதில்லை. மீனைக் கையில் எடுத்தால் நல்லதா கெட்டதா என்று வாங்குகிறவன் பார்த்துக்கொள்வான். கவரிலும் கிழிசலை, கறையைப் பார்க்கலாம். அதுபோல் இன்னும் எத்தனை இருக்கின்றன என்பதை மட்டும் எவ்வளவு படித்தவனாலும் கவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதை விற்கிறவன் சொல்லித்தான் அறிய வேண்டும். பரீட்சைத் தாள் கட்டில் ஒன்றை மட்டும் திருத்திவிட்டு, இந்தப் பிள்ளைதான் வகுப்பில் முதல் என்று ஒரு டீச்சர் சொன்னால் பெற்றவர்கள் நம்பி இனிப்பு வாங்கப் போவார்கள். மீதித் தாள்கள் அவள் மேசைக்குள் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த வாரம் புதன்கிழமை ஸ்ரீதரன் சார் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். அஞ்சல் முத்திரைகளைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் எழுதி முடித்துவிட்டாராம், அச்சுக்குக் கொடுக்கப் போகிறாராம். அதில் நம் கவருக்கு ஒரு முழுப் பக்கம். இந்த முத்திரைக்குக் கிடைத்த ஒரே சான்று என்று எழுதி, கீழே உன் பெயரையும் போட்டிருக்கிறாராம். சரியான எழுத்துக்கூட்டல் சொல்லச் சொன்னார். அந்த இடத்தில் நான் உன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லியிருந்தால் எல்லாம் அப்படியே போயிருக்கும். புதன்கிழமைகளையும் நான் இழந்திருக்கமாட்டேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் கோபப்படுவார் என்பதைவிட, அடுத்த புதன்கிழமை நாலு மணிக்கு நான் என்ன செய்வேன் என்பது.

"சாரே, அந்தக் கவரு ஒண்ணு மட்டுமில்ல" என்றேன். "இன்னும் நாப்பத்தொண்ணு உண்டு. நீங்க அண்ணு இருந்து சாயா குடிச்சியளே, அந்தப் பெட்டிக்குள்ள. நடுவுல இருக்கது பூச்சி அரிச்ச ஓட்டையில்ல. கடைக் கம்பியில குத்தினது."

அவருக்குப் பின்னால் பேத்தி ஏதோ பாடிக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். "பூச்சி தின்னா ஓட்ட இத்ர வட்டமா வராது. எனிக்கு அண்ணே தோணி." அன்றைக்கே அவருக்குத் தோன்றியிருக்கிறது.

"பின்ன ஏன் சாரே கேக்கல்ல?"

"டீச்சர் பறஞ்சதல்லே" என்றார், டீச்சர் சொன்னதாயிற்றே என்று. "சரி, வைக்கட்டே."

அவ்வளவுதான். ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பணத்தை மறுநாளே பேங்கில் போய்த் திருப்பி அனுப்பினேன். அடுத்த புதன்கிழமை நாலு மணிக்கு, வராது என்று தெரிந்தும், போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தரைக்கு எழுந்து விளக்கேற்றினேன். அதற்கு அடுத்த புதன்கிழமையும் அப்படித்தான். முந்தாநாள் பதிவுத் தபாலில் அவரிடமிருந்து ஒரு உறை வந்தது. இரண்டு அட்டைகளுக்கு நடுவில், மெல்லிய காகிதத்தில் பொதிந்து, அந்தக் கவர் மட்டும் இருந்தது. கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று உறையை விரித்தும் உதறியும் பார்த்தேன். இல்லை. கம்பியை ஜன்னல் கம்பியில் மாட்டி, கவரைக் கோத்தேன். எந்தப் பக்கமும் இடறாமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. நாற்பத்திரண்டு.

தளத்தில் உன் பெயருக்குக் கீழே அவர் எழுதிய பாராட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. அவர் மாற்றவில்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டுவிட்டாரா என்று தெரியவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தால் அது முதலில் கண்ணில் படுகிறது. அது உன் பெயர், மக்களே. உன்னைக் கேட்காமல் உன் பெயரை வைத்து நான் ஒரு பொய் விற்றேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இனி விற்பதைப் பற்றி. கவர்களைக் கம்பியிலிருந்து உருவ வேண்டாம். தொங்குகிறபடியே படம் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் வரி இப்படி எழுதியிருக்கிறேன்: "ஒரே முத்திரையுடன் நாற்பத்திரண்டு கவர்கள், ஒரே கடைக் கம்பியில் கோத்தவை. இதில் ஒன்றை முன்பு ஒன்றே ஒன்று என்று சொல்லி விற்றோம், அது தவறு." கணக்கு உன்னுடையது. அதனால் உன் சம்மதம் இல்லாமல் போடமாட்டேன். விலை குறையும். யாரும் எழுதாமலும் போகலாம், ரேடியோவுக்கு எழுதாத மாதிரி. பரவாயில்லை. அந்த இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடலாம் என்று உனக்குத் தோன்றினால், எடுக்கும் முன் ஒன்பது மானையும் ஒருமுறை நினைத்துக்கொள்.

கடிதம் வந்து சேர்ந்ததும் கூப்பிடு. ஏசுவதானாலும் ஏசு. இந்தத் தடவை நான் சாக்குச் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சௌகரியம் என்று தெரியும், ஆனால் முடியுமானால் புதன்கிழமை கூப்பிடு. நம் நேரத்துக்கு நாலு மணி. அந்த நேரம் நான் போன் பக்கத்தில்தான் இருப்பேன்.

அம்மா